சாரமில்ல

மட்டாஞ்சேரிக்கு நாங்கள் குடிவந்த புதிதில் ஒரு சனிக்கிழமை மாலை, மூலைவீட்டுச் சேச்சி எங்கள் வாசலில் வந்து நின்று, "நாளெ மோளெயும் கூட்டிப் பள்ளியில் வா" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அம்மாவுக்கு அப்போது மலையாளம் தெரியாது. ஆனால் பள்ளி என்ற சொல் தெரியும். மறுநாள் காலையில் எனக்கு எண்ணெய் வைத்து இரட்டைச் சடை பின்னி, முகமெல்லாம் பவுடர் அப்பி, கடைத்தெருவில் புதிதாக ஒரு சிலேட்டு வாங்கிக் கையில் கொடுத்து அழைத்துக்கொண்டு போனாள். ஞாயிற்றுக்கிழமை எந்தப் பள்ளிக்கூடம் திறந்திருக்கும் என்று யோசிக்கிற அளவுக்குக்கூட எங்கள் வீட்டில் யாரும் பள்ளிக்கூடம் போனதில்லை.

மலையாளத்தில் பள்ளி என்றால் தேவாலயம். மழைக்காலம் தொடங்குமுன் இல்லாத வீடுகளுக்கு அரிசியும் போர்வையும் கொடுப்பது அந்தத் தேவாலயத்தின் வழக்கம். எல்லோரும் பையோடு வரிசையில் நின்றார்கள். நாங்கள் பை இல்லாமல் சிலேட்டோடு நின்றோம். அரிசி அளந்து போட்டுக்கொண்டிருந்தவர் மூலைவீட்டுச் சேச்சிதான். எங்கள் முறை வந்ததும் என்னையும் சிலேட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது எந்தா பெண்ணே, சிலேட்டிலோ அரி வாங்குந்நது?"

வரிசையே சிரித்தது. பின்னாலிருந்து ஒரு ஆள், "பாண்டிக்காரிக்கு அரி வேண்டா, அட்சரம் மதி" என்றான். தமிழ்க்காரிக்கு அரிசி வேண்டாம், எழுத்தே போதும் என்று அர்த்தம். அவர்கள் ஊரில் மதி என்றால் போதும். சேச்சியும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். பிறகு எதையோ யோசித்தவர்போலச் சட்டென்று சிரிப்பை நிறுத்தி, குனிந்து, நான் எந்த வகுப்பு என்று விரலைக் காட்டிக் கேட்டார். நான் தலையை ஆட்டினேன். எந்த வகுப்பும் இல்லை. கட்டடங்களுக்குச் சாரம் கட்டுவது அப்பாவின் வேலை. ஒரு கட்டடம் எழும்பி முடிந்தால் அடுத்த ஊர். தென்காசிப் பக்கத்திலிருந்து கிளம்பி, பாலக்காடு, ஆலுவா என்று மாறி மாறி மட்டாஞ்சேரிக்கு வந்து சேர்ந்திருந்தோம். என் வயதுப் பிள்ளைகள் அதற்குள் கூட்டல் கழித்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்த வாரமே சேச்சி என் கையைப் பிடித்துத் தேவாலயத்துக்குப் பின்னாலிருந்த பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனார். இடம் இல்லை என்றார்கள். இடம் வரும்வரை இங்கேயே உட்கார்ந்திருப்பேன் என்று அவர் உட்கார்ந்துவிட்டார். மாலைக்குள் இடம் வந்தது. எங்கள் வம்சத்தில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான். ஒரு சொல்லை அம்மா தப்பாகக் கேட்டதால்தான் அது நடந்தது. இதை நான் எங்கேயும் பெருமையாகத்தான் சொல்வேன்.

இன்று எர்ணாகுளத்தில் ஒரு வக்கீல் ஆபீசில் வேலை செய்கிறேன். தமிழ்நாட்டிலிருந்து வந்து கட்டட வேலையிலும் ஓட்டல் வேலையிலும் இருப்பவர்கள் சொல்வதை மலையாளத்தில் எழுதிக் கொடுப்பதும், மலையாளத்தில் இருப்பதை அவர்களுக்குத் தமிழில் சொல்வதும் என் வேலை. இந்தச் சொல்லுக்கு அங்கே இன்ன பொருள், இங்கே இன்ன பொருள் என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மலையாளம் பள்ளியில் படித்தது. தமிழ் எழுத்தை நானே பிற்பாடு, கடையில் பொட்டலம் கட்டி வருகிற வாரப் பத்திரிகைத் தாள்களை வைத்துக் கற்றுக்கொண்டேன். அதனால் இப்போது எழுதப்போவது எனக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே வலிக்கிறது.

அந்தத் தேவாலயத்துக்காரர்கள் பணக்காரர்கள் இல்லை. மீன் பிடிக்கப் போகிறவர்கள், துறைமுகத்தில் சுமை தூக்குகிறவர்கள், தையல்காரர்கள், மகனோ மகளோ வளைகுடாவில் இருப்பதால் கொஞ்சம் நிமிர்ந்திருக்கிற சில வீடுகள், அவ்வளவுதான். ஆனால் கொடுப்பதை அவர்கள் தனியாக ஒரு காரியம்போலச் செய்யவில்லை. வாசல் பெருக்குவது போல அது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. மாலையில் தேவாலயத்துக் கூடத்தில் இலவசமாகப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். அங்கே தொப்பி போட்ட பையன்களும் நெற்றியில் திருநீறு வைத்த நானும் சிலுவை போட்ட பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் இருந்தோம். ஜூன் மாதம் சீருடைத் துணி வரும். அந்தத் துணியில்தான் நான் பத்தாவது வரை படித்தேன். யாரும் ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவர்கள் சொல்லாததால் அது உள்ளேயே கிடந்தது.

இவற்றுக்கெல்லாம் மேலே, பொதிச்சோறு. வாழையிலையைத் தீயில் வாட்டி, அதில் சோறும் கறியும் வைத்து மடித்துக் கட்டுகிற பொட்டலம். வாரம் ஒருநாள், வியாழக்கிழமை, ஒரு தெருவின் முறை. முறை வருகிற தெருவில் ஒவ்வொரு வீடும் தங்கள் சமையலோடு ஒரு பொதி கூடுதலாகக் கட்டி, வண்டி வருமுன் கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும். எங்கள் தெருப் பொதிகள் சேர்கிற இடம் மூலைவீடு. அங்கிருந்து எர்ணாகுளத்தில் ஒரு அரசு ஆஸ்பத்திரிக்குப் போகும். நோயாளிக்கு ஆஸ்பத்திரி கஞ்சி கிடைத்துவிடும். கூட வந்து வராந்தாவில் படுத்திருப்பவர்கள்தான் பட்டினி கிடப்பார்கள். பொதி அவர்களுக்கு. இடுக்கியிலிருந்து வந்தவர்களா, வங்காளத்திலிருந்து வந்தவர்களா, எந்த சாமி கும்பிடுகிறவர்கள், ஒன்றும் கேட்கமாட்டார்கள். பொதியை அவிழ்த்தால்தான் என்ன கறி என்று தெரியும். யார் வீட்டுக் கறி என்று தெரியவே தெரியாது.

இது அம்மாவுக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

"வாங்கித் தின்ன வீடுன்னே நாம இருந்துரப்பிடாது" என்று அப்பாவிடம் சொன்னாள். "நம்ம வீட்டுச் சோறும் ஒருநாளு அந்த வண்டில ஏறிப் போவணும். எவனோ ஒருத்தன் பசிக்குத் திங்கணும்."

"ஏளா, மொதல்ல எனக்கு ஒழுங்கா ஒரு சட்டி கொழம்பு வையி. அப்புறம் ஊருக்கு வைக்கலாம்."

"ஒங்க நாக்குக்கு எதை வச்சாலும் ஒண்ணுதான். பீடி குடிச்சுக் குடிச்சு நாக்கா அது, செருப்பு."

நாங்கள் அந்தத் தெருவுக்கு வந்து முதன்முதலாக முறை வந்த வியாழக்கிழமை, அம்மா புளிச்சோறும் காணத்துவையலும் செய்தாள். காணம் என்றால் கொள்ளு. அதைச் சிவக்க வறுத்து, தேங்காயும் வத்தலும் வைத்து அம்மியில் அரைக்கிற துவையல். அந்த வாசனையோடுதான் நான் பள்ளிக்கூடம் போனேன். திரும்பி வந்து, "நம்ம பொதி போச்சாம்மா?" என்று கேட்டேன்.

"போவல. நேரமாயிட்டு" என்றாள். அன்றைக்கு ராத்திரி எங்களுக்கு வெறும் ரசம்தான்.

அதோடு சரி. அதற்குப் பிறகு எத்தனை முறை வந்தாலும் எங்கள் வீட்டிலிருந்து ஒரு பொதிகூடப் போகவில்லை. நான் கேட்டால், "எனக்குக் கை ருசி கெடையாது பிள்ள. நமக்கு நாம தின்னுக்கலாம். அடுத்தவங்களுக்குக் குடுக்கக் கூடாது" என்பாள். ஏதோ தன் உயரம் இவ்வளவு, தன் நிறம் இது என்று சொல்வதுபோல அதைச் சொல்வாள். வருத்தம்கூடத் தெரியாது. அவள் சமையலைத் தின்றே வளர்ந்த எனக்கு அது புரியவேயில்லை. அப்பாவிடம் கேட்டால், "என் நாக்குதான் செருப்பாச்சே, என்கிட்ட ஏன் கேக்க?" என்பார்.

ஆனால் அம்மா சும்மா இருக்கவும் இல்லை. எங்கள் முறைக்கு முந்தின நாள், சுக்குக் கிடங்கில் வேலை முடிந்ததும் நேரே சந்தைக்குப் போவாள். தமிழ்நாட்டிலிருந்து இலைக்கட்டு வருகிற கடையில் தெருவுக்கே இலை வாங்கிவருவாள். விடியுமுன் அடுப்பைப் பற்றவைத்து ஒவ்வொரு இலையாகத் தீயில் காட்டி எடுப்பாள். கொஞ்சம் கூடினால் கருகிவிடும். கொஞ்சம் குறைந்தால் மடிக்கும்போது கிழிந்துவிடும். அவள் வாட்டின இலை துணிபோல மடியும். அதை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பாள். "தமிழத்தி சேச்சியுடே இல" என்று தெருவில் அதற்கு ஒரு பேரே இருந்தது. எல்லார் வீட்டுச் சோறும் அம்மாவின் இலையில் போனது. அம்மாவின் சோறு மட்டும் போகவில்லை.

தீபாவளிக்கு அக்கம்பக்கத்துக்குக் கொடுக்க பேக்கரியில் லட்டு வாங்குவாள். கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டுக்கு அப்பமும் இறைச்சிக் கறியும் வரும். பதிலுக்குத் தட்டில் ஆப்பிளும் ஆரஞ்சும் போகும். சமைக்காத பொருளாகப் பார்த்துப் பார்த்துக் கொடுப்பாள். எங்கள் ஆட்களுக்கு இப்படி ஒரு வழக்கம் உண்டு, சமைத்ததை வெளியே கொடுக்கமாட்டார்கள் என்று தெருவில் நினைத்துக்கொண்டார்கள் என்பது எனக்கு ரொம்பப் பின்னால்தான் தெரிந்தது. அந்த நினைப்பில்தான் மூலைவீட்டுச் சேச்சியும் எங்களிடம் பொதி கேட்பதை விட்டுவிட்டார். கேட்டு, நாங்கள் இல்லை என்று சொல்லி, எங்களுக்குக் கூச்சமாகிவிடக் கூடாதே என்று.

பெரிய வெள்ளம் வந்த வருஷம் நான் கல்லூரியில் சேர்ந்திருந்தேன். பெரியாறு கரைமீறி ஆலுவாப் பக்கமெல்லாம் வீடுகள் மூழ்கின. எங்கள் பக்கம் தப்பித்தது. தேவாலயத்துக் கூடத்தில் பெஞ்சுகளையெல்லாம் ஒதுக்கிவிட்டு அடுப்பு மூட்டிவிட்டார்கள். தெருத்தெருவாக ஆள் வந்தது. மீன்பிடிக்கிறவர்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதே லாரிகளில் சோறும் போனது. அம்மா கிடங்குக்கு லீவு சொல்லிவிட்டு அங்கேயே கிடந்தாள். மூட்டை மூட்டையாக வெங்காயம் உரித்தாள். அவள் உயரத்துக்கு இருந்த அண்டாக்களைத் தேய்த்தாள். கண்ணெல்லாம் சிவந்துபோய், சேலையெல்லாம் ஈரமாக, அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் அதிகம் பார்த்ததில்லை.

அப்போது ஒன்று நடந்தது. கொதிக்கிற சாம்பாரின் முன்னால் நின்றுகொண்டு சேச்சி, "ஒந்நு உப்பு நோக்கிக்கே" என்று அம்மாவிடம் கரண்டியை நீட்டினார். உப்புப் பார்க்கச் சொல்கிறார். அம்மா இரண்டு அடி பின்னால் போய்விட்டாள். சூடு என்று நினைத்துப் பின்வாங்குகிறாள் என்று நினைத்தேன்.

"ஞான் வேண்டா சேச்சி. வேற ஆள்கிட்ட" என்று அரை மலையாளத்தில் சொல்லிவிட்டு, போய் மறுபடி வெங்காயத்தின் முன்னால் உட்கார்ந்துகொண்டாள். சேச்சி கரண்டியோடு கொஞ்ச நேரம் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னைப் பார்த்தார். ஏதோ கேட்கப்போகிறார் என்று தோன்றியது. அதற்குள் லாரி வந்துவிட்டது.

அந்தக் கேள்வி என்னவாக இருந்திருக்கும் என்று இப்போது நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன். லாரி கொஞ்சம் பிந்தியிருக்கலாம்.

மூலைவீட்டுச் சேச்சி போன வருஷம் மழைக்காலத்தில் இறந்துபோனார். தூக்கத்திலேயே போய்விட்டார். வெளிநாட்டில் நர்ஸாக இருக்கும் அவருடைய மகள் அடக்கத்துக்கு வந்து, ஏழாம் நாள் ஜெபம் முடியும்வரை இருந்தார். அந்த ஜெபத்துக்கு நான் போனேன். அம்மாவும் வந்து ஒரு ஓரமாக நின்றுவிட்டுச் சாயாகூடக் குடிக்காமல் திரும்பிவிட்டாள். கூட்டம் கலைந்த பிறகு சேச்சியின் மகள் என்னை அடுக்களைக்குள் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"நின்றெ அம்மா இப்பழும் ஆ புளிச்சோறு உண்டாக்குமோ?" என்று கேட்டார்.

எந்தப் புளிச்சோறு என்று எனக்குப் புரியவில்லை. உன் அம்மா இப்போதும் அந்தப் புளிச்சோற்றைச் செய்வாரா என்று, நன்றாகத் தெரிந்த ஒரு பண்டத்தைப்போலக் கேட்கிறார். பிறகு அவரே சொன்னார். சிறுவயதில் ஒருநாள் அவர் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது சேச்சி அடுக்களையில் ஒரு பொதியை விரித்துவைத்துக்கொண்டு நின்றாராம். வண்டி போன பிறகு தமிழத்தி கொண்டுவந்த பொதியாம். பாதி ஏற்கெனவே காலி. மிச்சத்துக்குப் பிள்ளைகள் மூவரும் அடித்துக்கொண்டார்களாம். அதிலும் அந்த முதிரச் சம்மந்திக்கு. காணத்தை அவர்கள் முதிர என்பார்கள். துவையல் சம்மந்தி. இலையை வழித்துத் தின்றது தான்தான் என்று சொல்லிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அம்மச்சி எல்லாத் தவணயும் பறயும். இந்நு தமிழத்தி கொண்டுவருமாயிரிக்கும், இந்நு கொண்டுவருமாயிரிக்கும் எந்நு."

தெருமுறை வரும் ஒவ்வொரு வியாழக்கிழமையும், இன்றைக்குக் கொண்டுவருவாளாக இருக்கும் என்று சேச்சி சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். அம்மா இலையை மட்டும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

வீட்டுக்கு ஓடாத குறையாக வந்தேன். இப்படி ஒரு நல்ல செய்தியை இதுவரை நான் அம்மாவுக்குக் கொண்டுவந்ததே இல்லை என்று நினைத்துக்கொண்டு வந்தேன். அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அப்பா கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

அம்மா கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"செத்த வீட்டுல அப்படித்தான் சொல்லுவாங்க" என்றாள். "நல்லதாத்தான் சொல்லுவாங்க."

"இல்லம்மா. இலைய வழிச்சுத் தின்னேன்னு அவங்களே சொல்லுதாங்க."

"நீ கண்டியா? நான் கண்டேன். என் கண்ணு முன்னாலதான தின்னாங்க."

பிறகு முதன்முறையாக அன்றைக்கு நடந்ததைச் சொன்னாள். புளிக்காய்ச்சல் இறுக நேரமாகிவிட்டது. பொதியைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறாள். மூலைவீட்டுக்குப் போவதற்குள் வண்டி தெருமுனை திரும்பிவிட்டது. சேச்சி இவள் மூச்சு வாங்குவதைப் பார்த்து உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்திருக்கிறார். சோறு வீணாகக் கூடாது என்றோ, தனக்கே பசி என்றோ, பொதியை அவிழ்த்து அவரே ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டிருக்கிறார். அம்மா அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

"நான் சொன்னேன், பிந்திப்போச்சு சேச்சி, மன்னிச்சிக்கோங்கன்னேன். அவங்க மென்னுக்கிட்டே தலைய ஆட்டி, சாரமில்ல, சாரமில்லன்னாங்க. ரெண்டு தடவ. அப்புறம் என்னமோ சொல்லி, மதின்னாங்க. எலைய மடிச்சு அந்தால வச்சிட்டாங்க. வாயில வச்சவங்க சொல்லுதாங்க பிள்ள, சாரம் இல்லைன்னு. ருசியுமில்ல, சத்துமில்ல, போதும்னு. அவங்க மேல ஒண்ணுமில்ல. உள்ளதத்தான சொன்னாங்க."

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எந்தச் சாரம்ளா இல்லையாம்? நான் கட்டுற சாரமா, இடுப்புல உடுத்துற சாரமா?" என்றார். எங்கள் ஊர்ப் பக்கம் லுங்கிக்கும் சாரம் என்றுதான் பேர்.

நான் சிரிக்கவில்லை.

"யம்மா, இன்னைக்குக் காலைல பால்காரர் பிந்தி வந்தாருல்லா? அவருக்கிட்ட நீ என்ன சொன்ன?"

"என்ன சொன்னேன்? சாரமில்லன்னேன்."

சொல்லிவிட்டு அம்மா என்னைப் பார்த்தாள். கீரைக் காம்பு கையிலேயே நின்றது.

சாரமில்ல என்றால் மலையாளத்தில் பரவாயில்லை என்று பொருள். இந்த ஊரில் ஒரு நாளைக்கு அந்தச் சொல்லைக் கேட்காமல் கண்மூட முடியாது. பஸ்ஸில் காலை மிதித்தவன் மன்னிப்புக் கேட்டால் சாரமில்ல. கடைக்காரரிடம் சில்லறை இல்லையென்றால் சாரமில்ல. அம்மாவே அதை எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பாள். ஆனால் மூலைவீட்டு அடுக்களையில் அந்தச் சொல் காதில் விழுந்தபோது அவளுக்கு மலையாளம் தெரியாது. அது தமிழாக உள்ளே போய்விட்டது. பிறகு மலையாளம் வந்தது. அதே சொல் அதே ஒலியோடு தினமும் அவள் வாயிலிருந்தே வந்துபோனது. உள்ளே போனது மட்டும் தமிழாகவே இருந்துவிட்டது.

"பிந்தினா பரவாயில்லன்னு சொல்லிருக்காங்கம்மா. இனிமே அடுத்த மொறைக்குக் கொண்டுவந்தாப் போதும்னு சொல்லிருக்காங்க. மதின்னா போதும்தான், ஆனா அதுக்கு முன்னால ஒரு பேச்சு இருந்திருக்கும்லா."

அப்பா வெற்றிலைச் செல்லத்தை மூடினார். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அவருக்கு வேடிக்கை பேசத்தான் தெரியும்.

அம்மா அழவில்லை. கையிலிருந்த காம்பைக் கீழே போட்டுவிட்டு, "முதிரச் சம்மந்தின்னா நம்ம காணத்தொவையலா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அந்தப் பிள்ளயா வழிச்சுத் தின்னுச்சு? நல்லா ஒல்லியா இருக்குமே, அதா?" ஆமாம் என்றேன். பிறகு கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அன்றிலிருந்து எனக்கு இருக்கிற வருத்தத்தை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. எங்கள் வீட்டில் இரண்டு மொழியும் எழுதப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதற்குத்தான் எனக்குச் சம்பளமே. யார் யாருடைய வாக்குமூலத்தையோ, எங்கும் ஒரு சொல் தவறிவிடக் கூடாது என்று திருப்பித் திருப்பிப் படிக்கிறேன். என் அம்மாவைப் பற்றி என் தெருமூலை வீட்டிலிருந்து சொல்லப்பட்ட ஒரே ஒரு சொல் என் மேசைக்கு வரவேயில்லை. வந்திருந்தால் அரை நிமிஷ வேலை. அம்மா சொல்லவில்லை, அவளுக்கு அவமானம். சேச்சி கேட்கவில்லை, அவருக்கு எங்கள் மேல் மரியாதை. தெருவும் கேட்கவில்லை. எல்லாரும் அவ்வளவு பதமாக நடந்துகொண்டார்கள். யாராவது ஒருவர் கொஞ்சம் முரடாக, "ஏன் நீ மட்டும் சோறு தரமாட்டேங்கிற?" என்று கேட்டிருக்கலாம். தேவாலயத்து வரிசையில் சிரித்தானே அந்த ஆள், அவனாவது கேட்டிருக்கலாம்.

சேச்சி இல்லாத பிறகு பொதிகள் தையல்கடை வாசலில் சேர்கின்றன. தேவாலயத்துப் பெண் ஒருத்தி வந்து வாங்கிக்கொள்கிறாள். மூலைவீடு பூட்டிக் கிடக்கிறது. மகள் திரும்பிப் போய்விட்டார். தெருவிலும் சில வீடுகள் இப்போது ஓட்டலில் வாங்கித்தான் கொடுக்கின்றன. ஆனாலும் முறை நிற்கவில்லை.

எங்கள் தெரு முறை மறுபடி வந்தபோது அம்மா காணம் வறுத்தாள். வாசனையில்தான் எனக்கு விழிப்பு வந்தது. நான் ஆபீசுக்குக் கிளம்பி நின்றபோதும் அவள் முடிக்கவில்லை. உப்பு போட்டாள். எடுத்து வாயில் வைத்தாள். கொஞ்சம் வெல்லம் போட்டாள். மறுபடி வாயில் வைத்தாள். என்னிடம் ஒரு வாய் நீட்டினாள். நன்றாக இருக்கிறது என்றேன். நம்பாமல் அப்பாவிடம் நீட்டினாள். "செருப்புக்கு இதுவே ஜாஸ்தி" என்றார். மறுபடி உப்பு. சோற்றை உதிர்த்து ஆற வைத்து, துவையலைச் சின்ன இலைத் துண்டில் தனியாக மடித்து உள்ளே வைத்து, அப்பளத்தைச் சேர்த்துக் கட்டினாள். தன் கையால் வாட்டின இலையில் தன் சோற்றை அவள் கட்டுவதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

தையல்கடைக்கு நாங்கள் போகும்போது வண்டி போய்விட்டிருந்தது.

அந்தப் பெண் எங்களைப் பார்த்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "அய்யோ, இப்போ போயதேயுள்ளூ. சாரமில்ல சேச்சி, அடுத்த தவண மதி."

அடுத்த முறை கொண்டுவந்தால் போதும் என்கிறாள். அதே சொல், அதே வரிசை. அம்மா என் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. அன்றைக்கும் இப்படித்தான் சொல்லியிருப்பார் இல்லையா என்று அவள் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை. அந்தப் பெண் பொதியை வாங்கி அவிழ்த்துப் பார்க்கவில்லை. ஒரு கவளம் எடுத்து வாயில் போடவும் இல்லை. அவள் நல்ல பெண்தான். அவளுக்கு வேறு வேலை இருந்தது.

"பஸ்ஸு எத்தன மணிக்கு?" என்றாள் அம்மா.

எர்ணாகுளம் பஸ்ஸில் பொதியை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். இலை வழியாக எண்ணெய் இறங்கி அவள் சேலை நனைந்திருந்தது. ஆபீசுக்குப் போன் செய்து பிந்தி வருவேன் என்று சொன்னேன். ஆஸ்பத்திரியில் எங்கள் தெருப் பொதிகளெல்லாம் கொடுத்து முடிந்திருந்தது. பிரசவ வார்டுக்கு வெளியே தரையில் ஒரு பெண் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உள்ளே மகள் இருக்கிறாள் போலும். பக்கத்தில் ஒரு வெறும் தண்ணீர் பாட்டில். அம்மா அவள் முன்னால் குனிந்து பொதியைக் கொடுத்தாள். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, உடனே நூலை அவிழ்க்க ஆரம்பித்தாள். அவ்வளவு பசி.

நான் நின்றேன். அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வா. ஒருத்தர் திங்கும்போது வாயப் பாத்துக்கிட்டு நிக்கக் கூடாது."

படி இறங்கி, வாசலைத் தாண்டி, பஸ் நிறுத்தத்துக்கு வந்தோம். மட்டாஞ்சேரி பஸ் வர நேரமிருந்தது. முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"உப்பு ஒரு கல்லு கூடிப்போச்சோ?"

"இல்லம்மா. நல்லாத்தான் இருந்துச்சு. நாந்தான் தின்னு பாத்தேன்லா?"

"ஒனக்கு என்னட்டி தெரியும்" என்றாள் அம்மா, பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டே. "சேச்சியல்லா சொல்லணும்."